வெளிநாட்டு உதவி ஒரு நாட்டின் சுகாதாரக் கட்டமைப்பை வளர்க்குமா? ஓர் எளிய விளக்கம்

வெளிநாட்டு உதவி பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு குரல்கள் உடனே எழும். "கொடுக்கிற பணத்தையெல்லாம் அங்கிருக்கிற அமைச்சர்களும் அதிகாரிகளும் சுருட்டிவிடுகிறார்கள், எதற்குக் கொடுக்க வேண்டும்?" என்பது ஒன்று. "உதவி நின்றால் அந்த ஏழை மக்கள் செத்துப்போவார்கள்" என்பது மற்றொன்று. ஒன்றுக்கொன்று எதிராகத் தெரிந்தாலும் இரண்டும் ஒரே படத்தை மனத்தில் வைத்துக்கொண்டுதான் பேசுகின்றன. பணக்கார நாடு ஒன்று மூட்டை மூட்டையாகப் பணத்தைக் கட்டி ஏழை நாட்டு அரசின் கையில் கொடுக்கிறது என்பதுதான் அந்தப் படம்.

அந்தப் படமே தப்பு. சுகாதாரத்துக்காக வரும் உதவிப் பணத்தில் பெரும்பகுதி அந்த நாட்டு அரசின் கஜானாவுக்குள் நுழைவதே இல்லை. இன்னொரு குழப்பமும் உண்டு. உயிர் காப்பதும் கட்டமைப்பை வளர்ப்பதும் ஒரே வேலை என்று நினைத்துக்கொள்கிறோம். லட்சக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றிய ஒரு திட்டம், அந்த நாட்டின் மருத்துவமனைகளை இருந்த நிலையிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கலாம். அப்படி நடந்தும் இருக்கிறது.

உதவி என்று எதைச் சொல்கிறோம்?

ஓர் அரசு இன்னொரு நாட்டின் வளர்ச்சிக்காகத் திருப்பிக் கேட்காத மானியமாகவோ மிகக் குறைந்த வட்டிக் கடனாகவோ கொடுப்பதை 'அரசுமுறை வளர்ச்சி உதவி' என்பார்கள். பணக்கார நாடுகள் தங்கள் தேசிய வருமானத்தில் 0.7 சதவீதத்தை இதற்கு ஒதுக்க வேண்டும் என்று ஐ.நா. பொதுச் சபை 1970-ல் இலக்கு வைத்தது. நார்வே, ஸ்வீடன், டென்மார்க், லக்சம்பர்க் போன்ற சில நாடுகள்தான் அதை எட்டிப் பல ஆண்டுகள் தக்கவைத்தன. மற்றவை பேச்சோடு சரி.

இந்த உதவி இரண்டு வகையாகப் போகும். ஒரு நாடு நேரடியாக இன்னொரு நாட்டுக்குக் கொடுப்பது இருதரப்பு உதவி. எய்ட்ஸுக்காக அமெரிக்கா 2003-ல் அறிவித்த 'பெப்ஃபார்' திட்டம் அதற்குப் பெரிய உதாரணம். பல நாடுகள் ஒரு பொது அமைப்பில் பணம் போட்டு அதன் வழியாகக் கொடுப்பது பலதரப்பு உதவி. உலக வங்கி, 2000-ல் தொடங்கிய 'காவி' என்ற தடுப்பூசிக் கூட்டணி, எய்ட்ஸ், காசநோய், மலேரியா மூன்றுக்காகவும் 2002-ல் தொடங்கிய உலக நிதியம் ஆகியவை இந்த வகை.

சரி, பணம் எப்படிப் போகிறது? வாஷிங்டனிலோ லண்டனிலோ ஒதுக்கப்படும் தொகை முதலில் ஒரு நிறுவனத்துக்குப் போகும். அது ஒரு ஒப்பந்ததாரரை அமர்த்தும். அவர் அந்த நாட்டுத் தலைநகரில் அலுவலகம் போட்டு, வாகனங்கள் வாங்கி, உள்ளூர்த் தொண்டு நிறுவனங்களைச் சேர்த்துக்கொண்டு மாவட்டங்களுக்குப் போவார். மருந்துகள் பெரும்பாலும் வெளியிலேயே வாங்கப்பட்டு மருந்தாகவே வந்து இறங்கும். ஹைட்டியில் 2010 ஜனவரி 12-ல் நிலநடுக்கம் வந்தபோது கொட்டிய நிவாரண உதவியில் ஹைட்டி அரசின் கைக்குப் போனது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அங்கே நடந்த மீட்பு வேலை சொதப்பியதற்கு யாரைக் குறை சொல்வது என்று பேசுகிறவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பேருந்தும் பேருந்துச் சேவையும்

ஒரு ஊருக்கு ஒருவர் புத்தம்புதுப் பேருந்து ஒன்றை இலவசமாகத் தருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாலை போட்டு, ரிப்பன் வெட்டிப் படமும் எடுத்தாயிற்று. மறுநாள் காலையில் அது ஓட வேண்டுமென்றால் ஓட்டுநர் வேண்டும், அவருக்கு மாதாமாதம் சம்பளம் வேண்டும், டீசல் வேண்டும். பிரேக் தேய்ந்தால் மாற்ற உதிரிபாகமும் மெக்கானிக்கும் வேண்டும். எந்த நேரத்தில் எங்கே ஆள் ஏறுகிறார்கள் என்ற கணக்கு வேண்டும். இதையெல்லாம் மேற்பார்வை பார்க்க ஓர் அலுவலகம் வேண்டும். இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்தப் பேருந்து நிழலில் நிற்கும் ஒரு தகரப் பெட்டிதான்.

மருத்துவமனைக் கட்டடமும் ஸ்கேன் கருவியும் அந்தப் பேருந்தைப் போல. சுகாதாரக் கட்டமைப்பு என்பது பேருந்துச் சேவை. உலக சுகாதார நிறுவனம் 2007-ல் அதை ஆறு பகுதிகளாகப் பிரித்துக் காட்டியது: மக்களுக்குக் கிடைக்கும் மருத்துவச் சேவை, அதைச் செய்யும் பணியாளர்கள், தகவல், மருந்தும் தடுப்பூசியும் கருவிகளும், நிதி, நிர்வாகம். இந்த ஆறையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஒன்றைப் பிடித்து இழுத்தால் மற்ற ஐந்தும் அசையும் என்பது புரிந்தால் போதும்.

உதவியாக வந்த கருவிகள் மூலையில் தூசி படிந்து கிடப்பதைப் பற்றி நிறையப் பேர் புலம்புவார்கள். புலம்பலில் உண்மை இருக்கிறது. வசதி குறைந்த நாடுகளின் மருத்துவமனைக் கருவிகளை ஆராய்ந்து 2011-ல் வெளியான ஓர் ஆய்வு, சுமார் 40 சதவீதம் வேலை செய்யாமல் கிடப்பதாகச் சொன்னது. பயிற்சி பெற்ற ஆள் இல்லை, பராமரிப்பு இல்லை, மின்சாரம் சரியில்லை என்பவைதான் காரணங்கள். கருவி தந்தவர் கெட்ட எண்ணத்தோடு தரவில்லை. பேருந்து தந்தவரும்தான்.

ஒரு தடுப்பூசிக் குப்பி கிராமத்துக்குப் போகும் கதை

கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். பெரும்பாலான தடுப்பூசிகள் தொழிற்சாலையிலிருந்து குழந்தையின் கைக்கு வந்து சேரும்வரை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரிலேயே இருக்க வேண்டும். விமான நிலையம், தலைநகரக் கிடங்கு, மாவட்டக் கிடங்கு, கிராமத்து மருத்துவ நிலையத்தின் குளிர்பெட்டி, கடைசியில் ஐஸ் கட்டிகள் அடுக்கிய ஒரு கைப்பெட்டி என்று இந்தக் குளிர் எங்கும் அறுபடாமல் தொடர வேண்டும். இதற்குக் குளிர்பதனச் சங்கிலி என்று பெயர்.

பல குப்பிகளின் லேபிளில் ஒரு சின்ன வட்டம் இருக்கும். வட்டத்துக்குள் வெளிர் நிறத்தில் ஒரு சதுரம். குப்பி வெப்பத்தில் கிடக்கக் கிடக்க அந்தச் சதுரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கருக்கும். சதுரம் சுற்றியுள்ள வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் அந்தக் குப்பியைப் போடக் கூடாது. போலியோ சொட்டு மருந்துக் குப்பிகளில் 1996-ல் வந்த ஏற்பாடு இது. எந்த மீட்டரும் இல்லாத இடத்தில் ஒரு செவிலியர் கண்ணால் பார்த்தே முடிவு செய்துவிடலாம். என்னைக் கேட்டால், சுகாதார உதவியில் விளைந்த உருப்படியான கண்டுபிடிப்புகளில் இதற்கு முன்வரிசையில் இடம் தருவேன். ஒரு குறை உண்டு. சில தடுப்பூசிகள் உறைந்துபோனாலும் கெட்டுவிடும். அதை இந்தச் சதுரம் காட்டாது.

இந்தப் பயணத்துக்கு யார் செலவழிக்கிறார்கள்? மிக ஏழை நாடுகளில் தடுப்பூசியின் விலையில் பெரும்பகுதியைத் தடுப்பூசிக் கூட்டணி ஏற்கும். வாங்கி அனுப்புவது யுனிசெஃப். சூரிய சக்திக் குளிர்பெட்டியை வேறொரு கொடையாளர் கொடுத்திருப்பார். அந்தப் பெட்டி பழுதானால் வந்து பார்க்கும் ஆளுக்கு யார் சம்பளம் தருவது? கைப்பெட்டியைக் கட்டிக்கொண்டு போகும் மோட்டார் சைக்கிளுக்கு யார் பெட்ரோல் போடுவது? செவிலியருக்கு இந்த மாதச் சம்பளம் வந்துவிட்டதா?

மாதாமாதம், ஆண்டாண்டாக வந்துகொண்டே இருக்கும் இந்தச் செலவுகளைத் தொடர்செலவு என்கிறோம். கொடையாளர்களுக்குப் பிடிக்காத செலவு இதுதான். கட்டடத்தின் மேல் பெயர்ப் பலகை மாட்டலாம், பெட்ரோல் மேல் எதை மாட்டுவது? ஆனால் கட்டமைப்பு வாழ்வதும் சாவதும் தொடர்செலவில்தான்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: உதவி பெரும்பாலும் பொருளாகவும் திட்டமாகவும் வருகிறது, நாட்டு அரசைச் சுற்றிக்கொண்டு வருகிறது. கட்டமைப்புக்கோ ஆள், சம்பளம், பராமரிப்பு, கணக்கு ஆகியவைதான் உயிர்நாடி. இரண்டும் எங்கே முட்டுகின்றன, எங்கே சேர்கின்றன என்பதுதான் மீதிக் கதை.

ஒரே நோய், ஒரே திட்டம்

ஒரு நோயை மட்டும் குறிவைத்து, தனிப் பணம், தனி ஆட்கள், தனி மருந்துக் கிடங்கு, தனிக் கணக்கு என்று மேலிருந்து கீழ்வரை தனியாக ஓடும் திட்டத்தைச் செங்குத்துத் திட்டம் என்பார்கள். எல்லா நோய்க்கும் எல்லா மக்களுக்கும் பொதுவான மருத்துவ நிலையங்களை வளர்ப்பது கிடைமட்ட அணுகுமுறை.

செங்குத்துத் திட்டங்களைக் கேவலமாகப் பேசுவது இப்போது நாகரிகமாகிவிட்டது. பெரியம்மையை ஒழித்தது அந்த வகைத் திட்டம்தான். இயற்கையாகப் பரவிய கடைசி நோயாளி 1977-ல் சோமாலியாவில் கண்டறியப்பட்டார். 1980-ல் உலகம் பெரியம்மையிலிருந்து விடுபட்டதாக அறிவித்தார்கள். பெப்ஃபார் திட்டம் 2.5 கோடி உயிர்களைக் காத்ததாக அமெரிக்க அரசு சொல்கிறது. எய்ட்ஸ் மாத்திரை எட்டாத விலையில் இருந்த காலத்தில் சாவுகளைக் கண்ணால் பார்த்தவர்களிடம் போய், முதலில் கட்டமைப்பு வளரட்டும், பிறகு மாத்திரை தரலாம் என்று யாரும் சொல்லியிருக்க முடியாது.

ஆனால் பக்கவிளைவும் உண்டு. ஒரு கிராமத்து மருத்துவ நிலையத்தில் ஒற்றைச் செவிலியர் இருக்கிறார் என்று நினைத்துப் பாருங்கள். மேசையில் எச்.ஐ.வி. பதிவேடு, காசநோய்ப் பதிவேடு, மலேரியாப் பதிவேடு, தடுப்பூசிப் பதிவேடு, பிரசவப் பதிவேடு. மாதக் கடைசியில் ஒவ்வொன்றிலிருந்தும் கூட்டிக் கழித்து வெவ்வேறு படிவத்தில் வெவ்வேறு அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். வெளியே ஒரு கர்ப்பிணி காத்திருக்கிறார். அவருக்கு எச்.ஐ.வி. இருந்தால் பரிசோதனையும் மருந்தும் இலவசம். ரத்த அழுத்தம் இருந்தால் மருந்து அலமாரி காலி. பிரசவத்தில் அவர் உயிரைப் பறிக்கக்கூடியது அந்த ரத்த அழுத்தமாகவும் இருக்கலாம்.

அப்புறம் ஆள் இழுப்பு. கொடையாளர் திட்டங்கள் அரசுச் சம்பளத்தைவிடப் பல மடங்கு தரும். அரசு மருத்துவமனையில் இருந்த நல்ல மருத்துவர் தலைநகரில் ஒரு திட்ட அலுவலகத்தில் அறிக்கை எழுதப் போய்விடுவார். போகாமல் இருப்பவர்களையும் பயிற்சி முகாம்கள் இழுக்கும். ஒவ்வொரு முகாமுக்கும் தினப்படி உண்டு. சம்பளம் சொற்பமாக உள்ள இடத்தில் அந்தப் படி பெரிய வருமானம். முகாம் நடக்கும் நாட்களில் மருத்துவ நிலையம் பூட்டிக் கிடக்கும். யாரையும் குற்றம் சொல்ல முடியாத ஒரு கூத்து இது.

சாய்வாகப் போடும் வழி

ஹூலியோ ஃபிரெங்க், ஹைமே செபுல்வெதா என்ற இரண்டு மெக்சிகோ நிபுணர்கள் வேறொரு வழியை முன்வைத்தார்கள். குறிப்பிட்ட நோய்க்கு வரும் பணத்தையே வைத்து எல்லா நோய்க்கும் பயன்படும் பகுதிகளை வளர்ப்பது. செங்குத்துக்கும் கிடைமட்டத்துக்கும் நடுவே போவதால் இதைச் சாய்வு அணுகுமுறை என்கிறார்கள்.

காசநோயைக் கண்டுபிடிக்க உதவிப் பணத்தில் பல நாடுகளில் வைத்த ஜீன்எக்ஸ்பர்ட் கருவிகள் 2020-ல் கொரோனா பரிசோதனைக்கும் பயன்பட்டன. கருவி ஏற்கெனவே அங்கே இருந்தது, இயக்கத் தெரிந்த ஆளும் இருந்தார். கிட் மட்டும்தான் புதிது.

இதைவிடப் பெரிய கதை நைஜீரியாவுடையது. 2014 ஜூலையில் எபோலா தொற்றிய ஒரு பயணி லைபீரியாவிலிருந்து விமானத்தில் லாகோஸ் வந்து இறங்கினார். கோடிக்கணக்கில் மக்கள் நெருக்கியடித்து வாழும் நகரம். உலகமே பதறியது. ஆனால் நைஜீரியாவில் போலியோ ஒழிப்புக்காகக் கொடையாளர் பணத்தில் 2012-ல் உருவான அவசரநிலை மையங்கள் இருந்தன. வீடு வீடாகப் போய்த் தேடிப் பழகிய ஆட்கள், வரைபடம் வைத்து வேலை செய்யத் தெரிந்தவர்கள், தினம் மாலை கூடித் தகவலைச் சரிபார்க்கும் பழக்கம் எல்லாம் தயாராக இருந்தன. போலியோ மையத்தில் துணைப் பொறுப்பில் இருந்தவரையே எபோலா மையத்துக்குத் தலைமை தாங்க வைத்தார்கள். நோயாளிகளோடு தொடர்பில் இருந்த ஏறத்தாழ 900 பேரைக் கண்டுபிடித்து, நாள்தோறும் போய் உடல்நிலையைப் பார்த்தார்கள். கடைசியில் மொத்தம் 20 பேருக்குத்தான் நோய் வந்தது, 8 பேர் இறந்தார்கள். அக்டோபர் 20-ல் நைஜீரியா எபோலாவிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது.

அதே நேரத்தில் கினி, லைபீரியா, சியரா லியோன் மூன்று நாடுகளிலும் 11,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். லைபீரியாவில் நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களுக்கு ஏறத்தாழ 50 மருத்துவர்கள்தான் இருந்தார்கள். உள்நாட்டுப் போர் 2003-ல் முடிந்த பிறகு லைபீரியாவுக்கும் ஏராளமான உதவி வந்துகொண்டுதான் இருந்தது. நைஜீரியா பெரிய நாடு, வசதியும் கூடுதல், அதனால் ஒப்பீடு முழுக்க நியாயமில்லை. ஆனாலும் லாகோஸைக் காப்பாற்றியது புதிதாக வந்த பணமல்ல. வேறொரு வேலைக்காகப் பழகிய ஆட்கள்.

ஆளுக்குச் சம்பளம் கொடுத்தால் என்ன ஆகும்?

சம்பளத்துக்கு உதவி தருவது பாவம் என்று கொடையாளர்கள் நெடுங்காலம் நினைத்தார்கள். கொடுக்க ஆரம்பித்தால் நிறுத்த முடியாது என்பது பயம். அந்தப் பயத்தை உடைத்துப் பார்த்த நாடு மலாவி.

2000-களின் தொடக்கத்தில் மலாவியின் செவிலியர்கள் பிரிட்டனுக்குக் குடிபெயர்ந்துகொண்டிருந்தார்கள். எய்ட்ஸில் இறந்தவர்களும் உண்டு. மருந்து வந்தாலும் கொடுக்க ஆள் இல்லை. 2004-ல் பிரிட்டனின் உதவித் துறை, உலக நிதியம், மலாவி அரசு எல்லாம் சேர்ந்து ஓர் அவசரத் திட்டம் போட்டன. மிக அவசியமான 11 வகைப் பணியாளர்களுக்கு 52 சதவீதம் கூடுதல் சம்பளம், பயிற்சிக் கல்லூரிகளில் கூடுதல் இடங்கள், அதுவரை சமாளிக்க வெளிநாட்டு மருத்துவர்கள். 2004-ல் ஆயிரம் மக்களுக்கு 0.87 என்று இருந்த சுகாதாரப் பணியாளர் எண்ணிக்கை 2009-ல் 1.44 ஆனது. ஐந்து ஆண்டுகளில் இது பெரிய ஏற்றம்.

கொடையாளர் விலகிய பிறகு என்ன? படித்து முடித்த செவிலியர்களை வேலைக்கு எடுக்கவே அரசிடம் பணம் இல்லாத நிலை வந்தது. அதோடு 2013-ல் 'கேஷ்கேட்' ஊழல் வெடித்தது. அரசுக் கணக்கிலிருந்து பெரும்பணம் களவாடப்பட்டது தெரிந்து, பட்ஜெட்டுக்கு நேரடியாகத் தந்துவந்த உதவியைக் கொடையாளர்கள் நிறுத்தினார்கள். ஆக, தொடக்கத்தில் சொன்ன முதல் குரல் முழுப் பொய்யும் இல்லை.

எத்தியோப்பியா வேறு மாதிரி செய்தது. 2003-ல் தொடங்கிய சுகாதார விரிவாக்கத் திட்டத்தில், சுமார் 5,000 பேர் வாழும் ஒவ்வொரு சிற்றூர்ப் பிரிவுக்கும் இரண்டு பெண்களைத் தேர்ந்தெடுத்தார்கள். பத்தாம் வகுப்பு முடித்த உள்ளூர்ப் பெண்கள். ஓராண்டுப் பயிற்சி. தடுப்பூசி, மலேரியாப் பரிசோதனை, குடும்பக் கட்டுப்பாடு, கழிப்பறை, தாய்சேய் நலம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. சில ஆண்டுகளில் 30,000-க்கும் மேற்பட்டோர் வேலைக்கு வந்துவிட்டார்கள். கவனிக்க வேண்டியது: மருத்துவ நிலையம் கட்டவும், கருவி வாங்கவும், பயிற்சிக்கும் கொடையாளர் பணம் போனது. சம்பளம் அரசுடையது. கொடையாளர் போனாலும் அந்தப் பெண்களுக்கு வேலை இருக்கும் என்பதற்காகவே போட்ட கணக்கு அது. 1990-ல் ஆயிரம் குழந்தைகளில் 200-க்கும் மேற்பட்டோர் ஐந்து வயதுக்குள் இறந்த நாட்டில் 2013-க்குள் அந்த எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்கானது. இதற்கு விளைச்சல், பெண் கல்வி, சாலை என்று வேறு காரணங்களும் உண்டு. அந்தப் பெண்களுக்கும் அதில் பங்கு உண்டு.

ஒரே திட்டம், ஒரே பட்ஜெட், ஒரே அறிக்கை

இந்த மூன்று சொற்றொடரும் எத்தியோப்பியா கொடையாளர்களிடம் வைத்த நிபந்தனை. ஆளுக்கொரு திட்டத்தோடு வராதீர்கள், எங்கள் திட்டத்துக்குப் பணம் போடுங்கள் என்று பொருள். பலர் ஒரே கணக்கில் போட்டு, அரசு தன் முன்னுரிமைப்படி செலவழித்து, எல்லாருக்கும் ஒரே கணக்குக் காட்டும் முறையைப் பொதுத் தொகுப்பு நிதி என்கிறார்கள்.

2005-ல் பாரிஸில் கூடிய நாடுகள் இதே திசையில் ஒரு பிரகடனம் வெளியிட்டன. பெறும் நாடே திட்டத்துக்குச் சொந்தக்காரர், கொடையாளர்கள் அந்நாட்டு முறைகளைப் பயன்படுத்த வேண்டும், தங்களுக்குள் ஒத்துழைக்க வேண்டும் என்றெல்லாம் அதில் உண்டு. பெறும் நாடுகள் தங்கள் பங்கை ஓரளவு செய்தன. கொடையாளர்கள்தான் பெரிதாக மாறவில்லை. தங்கள் நாட்டு வரிப்பணம் எங்கே போனது என்று தங்கள் நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள், இன்னொரு நாட்டுத் தணிக்கையாளரை நம்பி உட்கார முடியாது என்பது அவர்கள் வாதம். நியாயமான பயம்தான். ஆனால் கணக்குத் துறை பலவீனமாக இருக்கிறது என்பதற்காக அதை என்றென்றும் சுற்றிக்கொண்டு போனால் அது எப்போதும் பலவீனமாகவே இருக்கும். கணக்குத் துறைக்கும் தணிக்கைக்கும் பயிற்சி தரச் செலவிடுவதும் சுகாதார உதவியே. பார்ப்பதற்குக் கவர்ச்சியாக இருக்காது, அவ்வளவுதான்.

தகவல் விஷயத்தில் கொஞ்சம் நல்ல செய்தி. இனவெறி ஆட்சி முடிந்த தென்னாப்பிரிக்காவில் 1990-களின் நடுவில் தொடங்கி, நார்வேயின் ஆஸ்லோ பல்கலைக்கழகம் வளர்த்த 'டி.எச்.ஐ.எஸ்-2' என்ற மென்பொருள் யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடியது. நார்வே அரசு பல ஆண்டுகள் விடாமல் பணம் தந்தது. அந்தச் செவிலியரின் ஐந்து பதிவேடுகளையும் ஒரே இடத்தில் சேர்க்கும் வேலை அதன் வேலை. இலங்கையில் 2020 ஜனவரியில், கொரோனாவுக்காக வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களைக் கண்காணிக்க இந்த மென்பொருளில் உள்ளூர் வல்லுநர்களே ஒரு பகுதியை எழுதினார்கள். அதை எடுத்துப் பல நாடுகள் பயன்படுத்தின. உதவி பெறும் நாடு கொடுக்கும் நாடாக மாறுவது இப்படியும் நடக்கும்.

மறுபடி ஒரு முறை நிறுத்திப் பார்த்துக்கொள்வோம். நோய்த் திட்டத்தின் ஆளையும் கருவியையும் பொதுவுக்குத் திருப்புவது, சம்பளப் பொறுப்பை முதலிலேயே யார் தலையில் வைப்பது என்று தீர்மானிப்பது, பணத்தை நாட்டின் சொந்தத் திட்டத்திலும் கணக்கிலும் சேர்ப்பது. உதவி கட்டமைப்பாக மாறும் வழிகளில் முக்கியமானவை இவை.

அரசு தன் பணத்தை எடுத்துக்கொண்டால்?

ஒரு சங்கடமான விஷயம் பாக்கி இருக்கிறது. சுகாதாரத்துக்கு 100 டாலர் உதவி வந்தால் சுகாதாரச் செலவு 100 டாலர் கூடும் என்று நினைக்கிறோம். நிதி அமைச்சர் வேறு மாதிரி யோசிக்கலாம்: சுகாதாரத்துக்கு வெளியிலிருந்து வருகிறதே, நம் பணத்தைச் சாலைக்குக் கொடுக்கலாமே. இதற்குப் பதிலீட்டு விளைவு என்று பெயர். 2010-ல் 'லான்செட்' இதழில் வந்த ஓர் ஆய்வு, அரசுகளுக்கு வந்த ஒவ்வொரு டாலர் சுகாதார உதவிக்கும் அரசுகள் தங்கள் சொந்தச் சுகாதாரச் செலவில் 0.43 முதல் 1.14 டாலர்வரை குறைத்துக்கொண்டன என்று மதிப்பிட்டது. அந்தக் கணக்கைச் சில ஆய்வாளர்கள் மறுத்தார்கள், தரவு நம்பகமானதல்ல என்றார்கள். விவாதம் எப்படிப் போனாலும், ஆப்பிரிக்க நாடுகள் 2001-ல் அபுஜாவில் கூடி பட்ஜெட்டில் 15 சதவீதத்தைச் சுகாதாரத்துக்கு ஒதுக்குவதாகச் சொன்ன வாக்கைப் பெரும்பாலான நாடுகள் காப்பாற்றவில்லை.

இதைச் சமாளிக்கத் தடுப்பூசிக் கூட்டணி ஒரு வழி வைத்திருக்கிறது. 2008 முதல், எவ்வளவு ஏழை நாடாக இருந்தாலும் தடுப்பூசி விலையில் ஒரு சிறு பங்கைத் தானே கட்ட வேண்டும். மிக ஏழை நாடுகளுக்கு ஒரு டோஸுக்கு 0.20 டாலர் என்ற அளவில் இது தொடங்கும். நாட்டின் வருமானம் ஏற ஏற இந்தப் பங்கும் ஏறும். ஒரு கட்டத்தில் முழு விலையையும் அந்த நாடே ஏற்கும். இந்தோனேசியா அப்படிப் பெறும் இடத்திலிருந்து கொடுக்கும் இடத்துக்கு வந்தது. இதில் பணத்தைவிட முக்கியமான ஒன்று நடக்கிறது: தடுப்பூசி என்று ஒரு வரி அந்த நாட்டு பட்ஜெட்டில் ஏறிவிடுகிறது. ஒரு முறை ஏறிவிட்டால் அதை அடிப்பது எளிதல்ல.

உதவி திடீரென நின்றால்

மெதுவாக விலகுவது ஒன்று, பட்டென்று அறுந்துபோவது வேறு. ஆப்கானிஸ்தானில் 2003 முதல் அடிப்படை மருத்துவச் சேவையைக் கொடையாளர் பணத்தில் தொண்டு நிறுவனங்கள் ஒப்பந்த முறையில் நடத்தின. நன்றாகவே நடந்தது, குழந்தை இறப்பு குறைந்தது. 2021 ஆகஸ்டில் ஆட்சி மாறியதும் பணம் நின்றது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவ நிலையங்கள் சம்பளமும் மருந்தும் இல்லாமல் தத்தளித்தன. ஐ.நா. அமைப்புகள் வேறு வழியாகப் பணம் கொண்டுவந்து ஓரளவு தாங்கிப் பிடித்தன.

2025-ல் இது ஒரு நாட்டோடு நிற்கவில்லை. ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தது. ஜூலை 1-ல் அதன் உதவி நிறுவனமான யு.எஸ்.எய்ட் செயல்பாட்டை முடித்துக்கொண்டது. பிரிட்டன் தேசிய வருமானத்தில் 0.5 சதவீதமாக இருந்த உதவியை 2027-க்குள் 0.3 சதவீதமாகக் குறைப்பதாக அறிவித்தது.

நைஜீரிய நாடாளுமன்றம் அந்த ஆண்டு சுகாதார பட்ஜெட்டில் சுமார் 20 கோடி டாலருக்கு நிகரான தொகையைச் சேர்த்தது. கானா தன் தேசிய மருத்துவக் காப்பீட்டு நிதிக்குப் போகும் வரிப் பணத்துக்கு வைத்திருந்த உச்சவரம்பை எடுத்துவிட்டது. எண்ணெய் உள்ள நாடும், வரி வசூல் ஓரளவு உள்ள நாடும் அப்படிச் செய்யலாம். மிக ஏழை நாடுகளில் அரசு ஒருவரின் சுகாதாரத்துக்கு ஓர் ஆண்டு முழுக்கச் செலவிடுவது ஏறத்தாழ 10 டாலர்தான். அதில் பாதியைக் கூட்டினாலும் 15 டாலர். அங்கே அந்தச் செவிலியரின் சம்பளத்தை யார் தருவது என்ற கேள்விக்கு இன்னும் பதில் இல்லை.